நாமக்காரனுக்கு ஒரு கதவு

டாவோஸ்
10.03.2002

குலேந்திரன் அவர்களுக்கு,

கட்டின புருசனுக்கு "அவர்களுக்கு" போட்டு எழுதினால் குத்தும் என்று தெரியும். குத்தட்டும் என்றுதான் போட்டேன்.

ரெலிபோனில் கதைத்துப் பலனில்லை. இந்த ஹோட்டலில் வேலைக்காரருக்கு இருப்பது ஒரே ஒரு ரெலிபோன், அதுவும் நடைபாதையில். நான் அழுதால் பக்கத்து அறை போர்த்துக்கல்காரி கதவைத் திறந்து பார்க்கிறாள். நீங்களோ அந்தப் பக்கத்தில் "ஓம்... ஓம்... பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு என் ரெலிபோன் கார்ட்டில் காசு முடியுமட்டும் காத்திருக்கிறீர்கள். கடிதத்தில் "ஓம்" என்று மட்டும் எழுதி முத்திரை ஒட்ட உங்களுக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

சித்திரை நடுவில் பனிக்காலம் முடிந்து ஹோட்டலைப் பூட்டுகிறார்கள். சலவைப் பகுதி மேலாளர் என்னை வருடம் முழுக்க நிற்கச் சொல்லிக் கேட்கிறா. நிரந்தர வேலை. மாத முடிவுக்குள் பதில் சொல்லவேணும். தருகிற அறை சின்னதுதான், ஆனால் சூடாக இருக்கும், மேலேயிருந்து தண்ணீர் சொட்டாது.

நான் கோபித்துக்கொண்டு வந்ததாக ஊரெல்லாம் நினைக்கிறது. கோபமில்லை, அலுப்பு. இரண்டு மாரி பண்ணையில் அந்தக் களஞ்சியத்துக்கு மேல் அறையில் வாளியோடு படுத்தேன். கட்டிலை இந்த மூலைக்கு இழுத்தால் ஒழுக்கும் பின்னாலேயே வரும். "கெர்பர் அம்மாவிடம் கேளுங்க, அவளுடைய வீடு, அவளுடைய கூரை" என்று எத்தனை தரம் சொன்னேன்? கேட்டால் வேலை போய்விடும், வேலை போனால் இங்கே இருக்க விடுகிற பி விசா போய்விடும் என்றீர்கள். ஒழுகுகிற கூரையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டதற்காக இந்த நாட்டில் யாரை நாடு கடத்தியிருக்கிறார்கள், சொல்லுங்க பார்ப்பம்.

நீங்கள் வாய் திறந்து கேட்டால் நான் வருகிறேன். கேட்காவிட்டால் இங்கே கையெழுத்து வைக்கிறேன். வேறொன்றுமில்லை.

பரமேஸ்வரி


கெர்பர் பண்ணை, பேர்ண்
15.03.2002

அன்பின் பரமேஸ்,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டிலில் வைத்து வாசித்தபடியால் கொஞ்சம் சாணி பட்டுவிட்டது. கோபிக்காதே.

நான் சுகம் என்று எழுதத்தான் வேணும். இடுப்பு மட்டும் சொல்வழி கேட்கிறதில்லை. பால் கறந்து, சாணி அள்ளி, ஆப்பிள் தோட்டத்து வேலியைப் பார்த்துவிட்டு வர மத்தியானம் ஆகிவிடுகிறது. அந்த வேலிதான் இப்போது என் உயிரை எடுக்கிறது. மான் வந்து இளம் மரக்கன்றுகளைக் கடிக்காமலிருக்க கெர்பர் அம்மா கம்பி வலை அடிப்பித்தாள் அல்லவா? அதில் ஒவ்வொரு காலையும் அடியில் ஒரு ஓட்டை. நான் அடைப்பேன். மறுநாள் அதே இடத்தில் ஓட்டை. கல் வைத்தேன், கல்லைப் புரட்டிப் போட்டிருந்தது. அந்த ஓட்டையால் முயலும் புகுந்து கன்றுகளின் பட்டையை உரிக்கிறது. கெர்பர் அம்மா என்னைத்தான் பார்க்கிறாள், ஏதோ நான் தோண்டின மாதிரி.

செவ்வாய்க்கிழமை விடியப் போனபோது ஆளே அகப்பட்டான். வலைக்குள் தலையும் ஒரு முன்னங்காலும் மாட்டிக்கொண்டு கிடந்தான். பன்றிக்குட்டி அளவு உடம்பு, கரடி மாதிரி நகம், வெள்ளை முகத்தில் மேலிருந்து கீழே இரண்டு கறுப்புக் கோடு, நாமம் போட்ட மாதிரி. இப்படி ஒரு பிராணி இருக்கிறதென்றே எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. கழுத்தைக் கம்பி அறுத்து ரத்தம். என்னைக் கண்டு முதலில் உறுமினான். பிறகு உறுமவும் அலுத்துப்போய் தலையை மண்ணில் போட்டுவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, பரமேஸ். சாக்கை அவன் தலையில் போட்டுக் குறட்டால் கம்பியை வெட்டினேன். எழும்பினான், ஒரு தரம் உதறினான், தான் போகவிருந்த பக்கமே போனான். உயிர் தப்பினோமே, திரும்பி ஓடுவோம் என்றில்லை. தோட்டத்துக்கு ஊடாகத்தான் போவானாம்!

அவனுக்கு நாமக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். தினமும் எனக்கு நாமம் போடுகிறவன் வேறு.

கூரை விசயம் கேட்கிறேன். இந்தக் கிழமை மாடுகள் கன்று போடுகிற நேரம், கெர்பர் அம்மா முகம் கொடுத்துக் கதைக்கிற நிலையில் இல்லை. நல்ல நேரம் பார்த்துக் கேட்பேன்.

உன் குலேந்திரன்


டாவோஸ்
19.03.2002

நாமக்காரனுக்கு ஒரு பக்கம். கூரைக்குக் கடைசியில் நாலு வரி, அதிலும் பாதி மாடு.

பாவம்தான் அந்தப் பிராணி. நல்ல காரியம் செய்தீர்கள், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பாருங்க. தனக்குப் போகவேண்டிய வழி எதுவென்று அதற்குத் தெரியும். கம்பியென்றாலும் கல்லென்றாலும் முட்டுது. நீங்கள் கெர்பர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே திரும்பி வருகிறீர்கள்.

இங்கே மூட்டை மூட்டையாக விரிப்பு. இன்றைக்கு இஸ்திரி யந்திரத்தில் கை சுட்டுவிட்டது. பெரிதாக இல்லை. மாத முடிவு கிட்ட வருகிறது.

பரமேஸ்வரி


கெர்பர் பண்ணை, பேர்ண்
24.03.2002

அன்பின் பரமேஸ்,

கேட்டுவிட்டேன்!

இரு, முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று வசனம் ஜெர்மனில் பாடமாக்கினேன். டாக் என்றால் கூரை, அதுதானே. கூரை பழுது. கட்டில் நனையுது. தயவுசெய்து திருத்தித் தாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி மாடுகளுக்கே பாடமாகியிருக்கும். வெள்ளிக்கிழமை கெர்பர் அம்மா பால் வாளி கழுவிக்கொண்டு நின்றாள். "ஃபிராவ் கெர்பர்" என்றேன். நிமிர்ந்தாள். அவ்வளவுதான், பாடமாக்கின மூன்றில் இரண்டு பறந்துவிட்டது. முதல் வசனத்தை மட்டும் ஒரே மூச்சில் சொன்னேன்: "டாக்இஸ்கபுட்!"

அவள் முகம் சுளிப்பாள் என்று நின்றேன். இல்லை, பரமேஸ். வாளியை வைத்துவிட்டுத் தலையைத் தலையை ஆட்டினாள். "ஓம் ஓம், எனக்குத் தெரியும், டாக்ஸ், அந்த டாக்ஸ்!" என்று இரண்டு தரம் சொன்னாள். இவ்வளவு நாள் விட்டது தன் பிழைதானாம். இயற்கையைப் பாதுகாக்கிற சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்து எல்லாம் அளந்துகொண்டு போயிருக்கிறாளாம், தச்சனுக்குச் சொல்லியாயிற்றாம், ஈஸ்டர் கழிந்து வருகிற எட்டாம் திகதி திங்கட்கிழமை வேலை தொடங்குமாம். என் தோளில் வேறு தட்டினாள். கூரைக்கும் இயற்கைச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கணம் யோசித்தேன்தான். இந்த நாட்டில் எதற்குத்தான் ஒரு சங்கம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு வசனத்துக்கு இரண்டு வருடம் பயந்திருக்கிறேன். நினைக்கச் சிரிப்பாக இருக்கிறது. நீ வா. கட்டிலை யன்னல் பக்கம் போடுவோம், உனக்கு மலை தெரியும்.

உன் குலேந்திரன்


டாவோஸ்
29.03.2002

மச்சான்,

உங்கள் கடிதத்தைச் சலவை அறைக்குள் நின்று வாசித்தேன். மாடுகளுக்குப் பாடமாகியிருக்கும் என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். போர்த்துக்கல்காரி என்னவென்று கேட்டாள். என் புருசன் கதைத்துவிட்டார் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, உலகத்தில் எல்லாப் புருசன்மாரும் கதைக்கிறவர்கள்தானே என்று பார்த்தாள்.

இன்றைக்கு மேலாளரிடம் போய் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவவுக்குக் கொஞ்சம் முகம் கறுத்தது. அந்த இடத்தை உடனேயே போர்த்துக்கல்காரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், ஊரிலிருந்து பிள்ளையைக் கூப்பிடலாமாம். எனக்கு ஒரு கவலையுமில்லை.

பழைய விரிப்புகளைக் கழித்து எறிகிறார்கள். அதில் நல்லதாக நாலு எடுத்துவைத்திருக்கிறேன். நனைந்துபோகும் என்று பயப்படாமல் வெள்ளை விரிப்பு விரிக்கப்போகிறேன். ஹோட்டல் பூட்டின கையோடு வாறன். முருங்கைக்காய் கிடைத்தால் வாங்கி வையுங்க, டின்னில் வருகிறது வேண்டாம்.

உங்கள் பரமேஸ்


கெர்பர் பண்ணை, பேர்ண்
09.04.2002

பரமேஸ்,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேற்று திங்கட்கிழமை.

தச்சன் காலையில் வந்தான். நான் ஏணியைக் களஞ்சியத்தில் சாத்தித் தயாராக வைத்திருந்தேன். அவன் வாகனத்திலிருந்து ஒரு சின்ன மரக்கதவை இறக்கினான். என் முழங்காலுக்கும் வராது. கூரைக்கு ஏன் இவ்வளவு சின்னக் கதவு, புகை போகவாக்கும் என்று நினைத்து அவன் கையைப் பிடித்து ஏணியடிக்குக் கூட்டிப் போனேன். "டாக், டாக்" என்று மேலே காட்டினேன். அவன் வேலியைக் காட்டி "டாக்ஸ், டாக்ஸ்" என்றான். நான் மேலே காட்ட, அவன் கீழே காட்ட, கெர்பர் அம்மா வந்து சேர்ந்தாள்.

டாக்ஸ் என்றால் நாமக்காரன், பரமேஸ். அதுதான் அவனுடைய பெயர். நான் "டாக் இஸ் கபுட்" என்றதை ஒரே மூச்சில் உருட்டியதில் "டாக்ஸ் கபுட்" என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவன் வேலியைப் பழுதாக்குகிறான் என்று நான் முறையிட்டதாக நினைத்திருக்கிறாள். வேலியில் அவன் போய்வர ஒரு கதவு வைக்கத்தான் தச்சனும் சங்கமும். மேலே பிணைச்சல் போட்டுத் தொங்கும், இரண்டு பக்கமும் ஆடும். பாரமான மரம், அவன் தலையால் முட்டித் தள்ளிப் போவான். முயலுக்கும் மானுக்கும் தள்ள ஏலாது. அவனும் கம்பியில் மாட்டமாட்டான்.

கெர்பர் அம்மாவுக்கு நான் ஏணி வைத்தது ஏனென்று விளங்கவில்லை. குருவிக்கூடு பார்க்க ஏறினேன் என்று தச்சன் ஏதோ பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கதவுக்கு மண் வெட்டிக் கொடுத்தேன்.

நீ வேலையை விட்டுவிட்டாய் என்று நினைக்க நினைக்கச் சாப்பாடு இறங்கவில்லை. மேலாளரிடம் திரும்பக் கேட்டுப் பார்க்கலாமோ?

குலேந்திரன்


டாவோஸ்
13.04.2002

குலேந்திரன் அவர்களுக்கு,

திரும்பக் கேட்கச் சொல்கிறீர்கள். நான் போய்க் கேட்டு அந்தப் போர்த்துக்கல்காரியின் பிள்ளையை விமானத்திலிருந்து இறக்கவோ?

மாறிக் கேட்டதற்கு எனக்குக் கோபமில்லை. வந்த புதிதில் நானும்தான் உப்பென்று நினைத்துச் சவர்க்காரத்தூள் வாங்கினேன். இந்தப் பாஷையில் நமக்கு வாய்த்தது அவ்வளவுதான். ஆனால் "நானும் சிரித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றி எரிகிறது. கெர்பர் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். தச்சன் நிற்கிறான். ஏணிகூடச் சாத்தியிருக்கிறது. அந்தச் சிரிப்பு முடிந்த கையோடு "டாக்கும் பழுதுதான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? காட்டில் திரிகிற ஒரு பிராணிக்கு அளந்து கதவு வைக்கிறவள் உங்களுக்குக் கூரை போடமாட்டேன் என்றா சொல்லப்போகிறாள்?

உங்களோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். "வேணும்" என்ற சொல்லை உங்கள் வாயால் நான் கேட்டதில்லை. "இருந்தால் நல்லது" என்பீர்கள். "அவையள் பாத்துச் செய்வினம்" என்பீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் "வீட்டில் சொல்கிறபடி" என்றவர்தானே. பொல்லாத மனிதர் என்றால் சண்டை பிடித்துத் தொலைக்கலாம். நீங்கள் நல்லவர். எனக்கு அலுத்துவிட்டது.

நான் பாசலுக்கு, இந்திரா அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவ துப்புரவு செய்கிற கட்டடத்தில் எனக்கும் வேலை எடுத்துத் தருவாவாம். ரெலிபோன் எடுக்க வேண்டாம்.

பரமேஸ்வரி


கெர்பர் பண்ணை, பேர்ண்
20.05.2002

அன்பின் பரமேஸ்,

இடையில் எழுதினதையெல்லாம் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் மன்னிப்புத்தான் இருந்தது, உனக்கு அது வேண்டாம் என்று தெரியும்.

நாமக்காரன் அந்தக் கதவால் போகவில்லை. தச்சன் மண் இளகின இடமாகப் பார்த்து, அவனுடைய ஓட்டையிலிருந்து நாலடி தள்ளிக் கதவை வைத்துவிட்டுப் போனான். நாமக்காரன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழைய இடத்திலேயே மறுபடி கிழித்தான். பிறகு சங்கத்துப் பெண் வந்து, அவன் நடந்து நடந்து புல்லில் விழுந்திருந்த தடத்தைக் காட்டினாள். அதன் மேலேயே கதவு இருக்கவேணுமாம். முதல் சில கிழமைக்கு அதைத் தூக்கிக் கட்டி வைக்கவேணுமாம், வெறும் வாசலாகவே கிடக்கவேணுமாம், ஒருவரும் கிட்டப் போகக்கூடாதாம். பழகின பிறகுதான் இறக்கவேணும். அப்படியே கழற்றி மாற்றி வைத்தேன். இடுப்பு போயிற்று. இப்போது இறக்கிவிட்ட கதவையும் முட்டித் தள்ளிப் போய்வருகிறான். மரத்தில் அவன் மயிர் ஒட்டியிருக்கிறது. வேலி அடைக்கிற வேலை எனக்கில்லை.

அதைச் சொல்ல நான் பேனை எடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை முழுக்க மழை. மேலே வாளி நிரம்பி வழிந்தது. அதை ஊற்றக் கொண்டு வரும்போது கெர்பர் அம்மா முற்றத்தில் நின்று, நாமக்காரனின் கதவுக்கு மேல் ஒரு சின்னத் தகரம் அடிக்கலாமா, மரம் நனைந்து ஊதிவிடும் என்று கேட்டாள். பரமேஸ், என்னில் என்ன ஏறியதென்று தெரியாது. எனக்கு ஒரு ஜெர்மன் சொல்லும் வரவில்லை. வாளியைக் கீழே வைத்தேன். "வாங்க" என்றேன், தமிழில். கையைக் காட்டிப் படியேறினேன். அவளும் பின்னால் வந்தாள். அறைக்குள் கூட்டிப் போய்க் கட்டிலைக் காட்டி, "இருங்க" என்றேன். அவள் பயந்து பயந்து கட்டில் நுனியில் இருந்தாள். நான் எதிரில் நின்றேன். இந்தத் தரம் சிரிக்கவில்லை.

முதல் சொட்டு அவளுடைய தோளில் விழுந்தது. இரண்டாவது நெற்றியில். அண்ணாந்து பார்த்தாள். கன நேரம் பார்த்தாள். பிறகு மெல்ல, "டாக்" என்றாள். "ஓம்," என்றேன். "டாக். டாக்ஸ் இல்லை."

அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஏணி வைத்தது இதற்கா என்று கேட்டாள். இரண்டு மாரியும் இப்படியா என்று கேட்டாள். ஏன் சொல்லவில்லை என்று என்னைத்தான் ஏசினாள், நீ ஏசுகிற மாதிரியே. உன்னைப் பற்றிக் கேட்டாள். இந்தக் கூரை ஒழுகினதால்தான் போனாள் என்றேன். அவள் ஈரக் கட்டிலிலேயே இருந்து கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்தது. வெட்கமாக இல்லை.

கூரைக்காரன் சனிக்கிழமை வந்து ஓட்டையெல்லாம் பார்த்துப் போனான். ஆனி மாதத்தில் செய்வானாம். எந்த நாள் என்று சொல்லவில்லை, நானும் உனக்கு நாள் சொல்லமாட்டேன்.

குலேந்திரன்


பாசல்
27.05.2002

மச்சான்,

"இருங்க" என்று கெர்பர் அம்மாவைக் கட்டிலில் இருத்தின இடத்தை இந்திரா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ விழுந்து விழுந்து சிரித்தா. நான் சிரிக்கவில்லை. அந்த மழையில் நீங்கள் எதிரில் நின்றது எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

உடனே வாறன் என்று எழுதமாட்டேன். ஒரு தரம் உங்கள் சொல்லை நம்பிச் சூடான அறையை விட்டவள் நான். இங்கே படிக்கட்டுத் துடைத்து முழங்கால் வீங்கியிருக்கிறது. அக்கா நல்லவ, ஆனால் விருந்தாளி எவ்வளவு நாளைக்குத்தான் விருந்தாளி? எனக்கும் ஓரிடத்தில் பெட்டியைத் திறந்து உடுப்பை அடுக்கவேணும் போல இருக்கிறது.

ஆனாலும் கூரைக்காக நான் வரப்போவதில்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்க. கூரை டாவோசிலும் இருந்தது, இங்கேயும் இருக்கிறது. கெர்பர் அம்மாவிடம் கேட்டுவிட்டீர்கள். என்னிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த நீண்ட கடிதத்தில் நாமக்காரன் இருக்கிறான், தச்சன் இருக்கிறான், தகரம்கூட இருக்கிறது. நான் வரவேணுமா வேண்டாமா என்று ஒரு வரி இல்லை.

நல்லாய் யோசித்து எழுதுங்க. "ஓம்" என்று எழுதாதீங்க. "நீ விரும்பினபடி" என்று எழுதினால் கிழித்தெறிவேன்.

பரமேஸ்


கெர்பர் பண்ணை, பேர்ண்
30.05.2002

பரமேஸ்,

எனக்கு நீ வேணும்.

கூரை இன்னும் போடவில்லை. மேலே நீலப் படங்கு கட்டியிருக்கிறேன், காற்றுக்கு அடிக்கிறது, ஒரு மூலையால் இன்னமும் ஒழுகுது. உனக்கு அலுப்பு என்று எனக்குத் தெரியும். எனக்கும் அலுப்புத்தான். வாளியோடு தனியப் படுக்க எனக்கு ஏலாது. சனிக்கிழமை வா. ரெயினடிக்கு நான் வருவேன். முருங்கைக்காய் பேர்ண் முழுக்கத் தேடினேன், டின்தான் கிடைத்தது, அதை வாங்கி வைத்திருக்கிறேன்.

வரவேணும்.

குலேந்திரன்